ரீயூனியன்: மலையிலிருந்து தொடங்கும் வரலாறு

2015 ஜூலை இறுதியில், அதற்கு முந்தைய ஆண்டு காணாமல்போன மலேசிய விமானம் எம்.எச். 370-இன் இறக்கைப் பகுதி ஒன்று இந்தியப் பெருங்கடலின் ஒரு தீவில் கரையொதுங்கியது. ரீயூனியன் என்ற பெயரைப் பலர் அப்போதுதான் முதன்முதலாகக் கேள்விப்பட்டார்கள். இறக்கை ஒதுங்கிய ஊர் சேன் தாந்த்ரே, தீவின் கிழக்குக் கரையில் இருக்கிறது. தமிழ் வழிவந்தவர்கள் செறிந்து வாழும் ஊர் அது; காவடியும் தீமிதியும் ஆண்டுதோறும் நடக்கும் ஊர்.

ரீயூனியனைப் பற்றித் தமிழில் எழுதப்படுபவை பெரும்பாலும் இரண்டு வகை. கடல் கடந்தும் கோயில் கட்டினார்கள் என்று பெருமைப்படுபவை ஒரு வகை. கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டு வதைபட்டார்கள் என்று வருந்துபவை இன்னொரு வகை. இரண்டுமே உண்மைதான். ஆனால் இரண்டிலும் அந்தத் தீவின் நிலம் இல்லை. தமிழர்கள் ஏன் சேன் தாந்த்ரேயிலும் சேன் லூயியிலும் குடியேறினார்கள், மலைமேல் உள்ள சிலாவோஸில் ஏன் குடியேறவில்லை? பக்கத்துத் தீவான மொரீஷியஸை பிரிட்டிஷார் தம்மிடமே வைத்துக்கொண்டு ரீயூனியனை மட்டும் பிரான்சிடம் ஏன் திருப்பிக் கொடுத்தார்கள்? இந்தக் கேள்விகளுக்கு நிலத்தைப் பார்க்காமல் விடை கிடைக்காது. அங்கே யார் எந்த உயரத்தில் வாழ்ந்தார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால், முந்நூற்றைம்பது ஆண்டு வரலாற்றில் பெரும்பகுதி தானாகவே விளங்கத் தொடங்கும்.

தீவே ஒரு மலை

மடகாஸ்கருக்குக் கிழக்கே சுமார் 700 கி.மீ. தொலைவில் ரீயூனியன் இருக்கிறது. பரப்பு 2,512 சதுர கி.மீ.; நமது நீலகிரி மாவட்டத்தின் பரப்பும் ஏறத்தாழ இதேதான். ஆனால் நீலகிரியைச் சுற்றிச் சமவெளி இருக்கிறது, இங்கே சுற்றிலும் கடல். தீவின் மிக உயர்ந்த சிகரமான பித்தோன் தெ நேஜ் 3,070 மீட்டர் உயரம். தென்னிந்தியாவின் உயரமான ஆனைமுடியைவிட அதிகம். கடலடியிலிருந்து அளந்தால் இந்த மலையின் மொத்த உயரம் ஏறத்தாழ 7,000 மீட்டர். ஆகவே மலைகள் உள்ள ஒரு தீவு என்று இதைச் சொல்வது பொருந்தாது. கடலடியிலிருந்து எழுந்த ஒரு பெரும் எரிமலையின் தலைப்பகுதியைத்தான் நாம் தீவு என்கிறோம்.

அந்த எரிமலைக்கும் இந்தியாவுக்கும் ஒரு பழைய உறவு உண்டு. புவியின் ஆழத்திலிருந்து வெப்பம் ஓயாமல் மேலெழும் இடங்களை வெப்பப் புள்ளி என்பார்கள். ரீயூனியனுக்கு அடியில் அப்படி ஒன்று இருக்கிறது. எரியும் விளக்கின் மேல் ஒரு தகட்டை மெல்ல நகர்த்தினால் தகட்டின் அடியில் கரிக்கோடு விழுமல்லவா, அப்படித்தான் இந்த வெப்பப் புள்ளியின் மேல் நகர்ந்த நிலத்தட்டுகளில் எரிமலைகள் வரிசையாக உண்டாயின. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா இதற்கு மேலே இருந்தபோது பொங்கிய குழம்புதான் இன்று மகாராஷ்டிரத்தை மூடியிருக்கும் தக்காணக் கரும்பாறை. இந்தியா வடக்கே நகர நகர லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ் ஆகியவற்றின் அடித்தளம் உருவாயிற்று. பின்னர் மொரீஷியஸ் எழுந்தது, கடைசியாக ரீயூனியன். கடலுக்கு மேலே அது தலைகாட்டிச் சில பத்து லட்சம் ஆண்டுகளே ஆகின்றன. மொரீஷியஸ் வயதில் மூத்தது, தேய்ந்தது. அதன் உச்சி 828 மீட்டர்தான். இரண்டு தீவுகளும் வேறுவேறு வழியில் போனதற்கு முதல் காரணம் இந்த வயது வேறுபாடு.

தீவில் எரிமலைகள் இரண்டு. வடமேற்கில் உள்ள பித்தோன் தெ நேஜ் பல்லாயிரம் ஆண்டுகளாக அடங்கியிருக்கிறது. தென்கிழக்கில் உள்ள பித்தோன் த லா ஃபூர்னேஸ் 2,632 மீட்டர் உயரம். உலகில் மிக அடிக்கடி பொங்கும் எரிமலைகளில் ஒன்று. ஆனால் அதன் குழம்பு பெரும்பாலும் ஆளில்லாத ஒரு பெரும் பள்ளத்துக்குள்ளேயே வழிந்து கடலை நோக்கிப் போய்விடும். அதனால் உயிர்ச்சேதம் மிக அரிது. விதிவிலக்காக 1977 ஏப்ரலில் குழம்பு பள்ளத்துக்கு வெளியே வெடித்துக் கிளம்பி, பித்தோன் சேந்த் ரோஸ் என்ற ஊருக்குள் இறங்கியது. மக்கள் முன்பே வெளியேற்றப்பட்டிருந்தார்கள். வீடுகள் எரிந்தன. ஊர்த் தேவாலயத்தின் வாசலை எட்டிய குழம்பு, இரு பக்கமும் பிரிந்து கட்டடத்தைச் சுற்றி ஓடிக் குளிர்ந்தது. கருங்கல்லாய் உறைந்த அந்தக் குழம்பு இன்றும் சுவரை ஒட்டி நிற்கிறது. அந்நிகழ்வுக்குப் பிறகுதான் எரிமலையைக் கண்காணிக்க நிரந்தர ஆய்வு நிலையம் அமைத்தார்கள்.

இன்னொரு தவறான கருத்தையும் இங்கே தெளிவுபடுத்த வேண்டும். பித்தோன் தெ நேஜைச் சுற்றி மஃபாத், சலாசி, சிலாவோஸ் என்று மூன்று பெரும் பள்ளங்கள் இருக்கின்றன. அவற்றின் சுவர்கள் பல இடங்களில் ஆயிரம் மீட்டருக்கு மேல் செங்குத்தாக நிற்கின்றன. படத்தில் பார்ப்பவர்கள் இவற்றை எரிமலை வாய் என்றே நினைப்பார்கள். அப்படியல்ல. நிலச்சரிவும் மழையும் ஆறுகளும் இளகிய எரிமலைப் பாறையை அரித்து அரித்துக் குடைந்தவை இவை.

அந்த மழையின் அளவைக் கேட்டால் வியப்பு மேலிடும். கிழக்கிலிருந்து வீசும் காற்று மலையில் மோதி மேலேறி, சுமந்து வந்த நீரையெல்லாம் அந்தப் பக்கத்திலேயே கொட்டிவிடுகிறது. 1966 ஜனவரியில் டெனிஸ் புயலின்போது ஃபோக் ஃபோக் என்ற இடத்தில் 24 மணி நேரத்தில் 1,825 மி.மீ. மழை பெய்தது. சென்னைக்கு ஓராண்டில் கிடைக்கும் மழையைவிட அதிகம். 2007 பிப்ரவரியில் கமேட் புயலின்போது எரிமலையின் மேற்பகுதியில் மூன்று நாளில் ஏறத்தாழ 3,930 மி.மீ. பெய்தது. இரண்டும் உலகச் சாதனைகள். அதே தீவின் மேற்குக் கரையில் பல இடங்களில் ஆண்டு முழுவதற்கும் ஒரு மீட்டர் மழைகூட இல்லை. கிழக்கின் நீரை மேற்குக்குக் கொண்டுபோக மலையைக் குடைந்து ஏறத்தாழ 30 கி.மீ. நீளத்துக்குச் சுரங்கங்கள் வெட்ட வேண்டியிருந்தது.

துறைமுகம் இல்லாத கரை

மலை கடலடி வரை சரிந்து இறங்குவதால் கரையில் வளைகுடா இல்லை. கப்பல் ஒதுங்க இடமில்லை. பல இடங்களில் கரை என்பது அலை புரட்டும் கருங்கூழாங்கல்தான். அரபு, போர்ச்சுகீசிய மாலுமிகள் இத்தீவை அறிந்திருந்தும் யாரும் தங்கவில்லை. பூர்வகுடிகள் என்று எவரும் இங்கே இருந்ததில்லை. 1640களில் பிரான்ஸ் உரிமை கொண்டாடி, பூர்போன் என்று பெயரிட்டது. 1663-இல் மடகாஸ்கரிலிருந்து இரண்டு பிரெஞ்சுக்காரர்களும் சில மலகாசி மக்களும் வந்து தங்கியதிலிருந்து நிலையான குடியேற்றம் தொடங்குகிறது. 1665 முதல் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்டது. புதுச்சேரியை ஆண்ட அதே கம்பெனி.

1735-இல் பூர்போனுக்கும் மொரீஷியஸுக்கும் சேர்த்து ஆளுநராக வந்த லா பூர்தொனே தமது தலைமையிடத்தை மொரீஷியஸின் போர்ட் லூயியில் அமைத்தார். அங்கே இயற்கைத் துறைமுகம் இருந்தது. போர்க்கப்பலும் வணிகமும் அங்கே போயின. பூர்போன் அத்தீவுக்குச் சோறு போடும் தோட்டமாயிற்று. 1810-இல் பிரிட்டிஷார் இரு தீவுகளையும் பிடித்தார்கள். பூர்போனில் இறங்கிய படையில் சென்னை ராணுவத்தின் சிப்பாய்களும் இருந்தார்கள். போர் முடிந்து 1815-இல் கணக்குத் தீர்த்தபோது, துறைமுகம் உள்ள தீவைத் தம்மிடம் வைத்துக்கொண்டு, துறைமுகம் இல்லாத தீவை பிரான்சிடமே கொடுத்துவிட்டார்கள். ரீயூனியன் இன்றும் பிரான்சின் ஒரு மாவட்டமாக, யூரோ நாணயம் புழங்கும் மண்ணாக இருப்பதற்கும், மொரீஷியஸ் 1968-இல் தனி நாடானதற்கும் பின்னால் இந்தக் கரையின் சரிவு இருக்கிறது. ரீயூனியனுக்குச் செயற்கைத் துறைமுகம் கட்டி முடித்தது 1886-இல்தான்.

மேலே ஓடியவர்கள்

1715-இல் ஏமனிலிருந்து காபிச் செடி வந்தது. கம்பெனி எல்லோரையும் காபி பயிரிடக் கட்டாயப்படுத்தியது. வேலைக்கு மடகாஸ்கரிலிருந்தும் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும், ஓரளவு இந்தியாவிலிருந்தும் அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். தப்பிக்க நினைத்த அடிமைக்குக் கடல் வழி இல்லை. மலை ஒன்றுதான் வழி. ஓடிப்போனவர்கள் ஆற்றுப் பள்ளத்தாக்குகளின் வழியே ஏறி, குதிரையும் பீரங்கியும் எட்டாத மூன்று பெரும் பள்ளங்களில் பதுங்கினார்கள். அங்கே குடிசை போட்டார்கள், பயிர் வைத்தார்கள், தலைவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். மஃபாத் என்ற இடப்பெயர் அப்படி ஒரு தலைவரின் பெயர். மலையுச்சிகளில் பலவற்றுக்கு இன்றும் மலகாசிப் பெயர்களே நிலைத்திருக்கின்றன.

அவர்களை வேட்டையாடக் கூலிப்படைகள் அமைத்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் இதில் பேர்போனவர் பிரான்சுவா முஸ்ஸார். கொன்றதற்குச் சான்றாக வெட்டிய கைகளைக் கொண்டுவந்து காட்டிப் பரிசு பெறும் வழக்கம் இருந்தது. இந்தக் கொடுமையை நினைவில் கொள்ளாமல் அந்தப் பள்ளங்களின் அழகைப் பற்றி மட்டும் எழுதுவது முறையாகாது.

அடிமைகளுக்குப் பின் மலையேறியவர்கள், வியப்பூட்டும் விதமாக, ஏழை வெள்ளையர்கள். இதற்குக் காரணம் நிலம் கொடுத்த முறை. அலை அடிக்கும் கரையிலிருந்து மலையுச்சி வரை, இரண்டு ஓடைகளுக்கு நடுவே ஒரு நெடும்பட்டை: ஒரு குடும்பத்துக்குக் கம்பெனி கொடுத்த நிலம் அப்படித்தான் இருந்தது. கீழே வீடு, நடுவே காபி, மேலே காடு. பிள்ளைகளுக்குப் பங்கு பிரித்தபோது ஒவ்வொருவருக்கும் கரையும் வேண்டும், சரிவும் வேண்டும். ஆகவே பட்டையை நீளவாக்கில் கிழித்தார்கள். பேரப்பிள்ளைகள் காலத்தில், நீளம் சில கிலோமீட்டரும் அகலம் சில அடிகளுமாக மிஞ்சிய துண்டு நிலத்தில் எவரும் பிழைக்க முடியவில்லை. விற்றுவிட்டு மேலே ஏறினார்கள். பின்னாளில் அடிமை முறை ஒழிந்ததும் இன்னும் பலர் ஏறினார்கள். மேட்டுநிலத்தில் சோளமும் பருப்பும் பயிரிட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் வாசனைத் திரவியத்துக்காக ஜெரேனியம் எண்ணெய் காய்ச்சி, வறுமையில் வாழ்ந்தார்கள். கீழ்நிலம், மேல்நிலம் என்று தீவின் மக்கள் இன்றும் தங்கள் ஊரைப் பிரித்தே பேசுகிறார்கள்.

கரும்பு ஏறிய உயரம்

1806, 1807 ஆண்டுகளின் புயல்கள் காபித் தோட்டங்களை அழித்தன. பிரான்ஸ் தன் பெரிய சர்க்கரைத் தீவான ஹெயிட்டியை ஏற்கெனவே இழந்திருந்தது. மொரீஷியஸும் கைவிட்டுப் போயிற்று. பிரான்சுக்குச் சர்க்கரை தேவை. ரீயூனியனுக்குப் புயலில் படுத்தாலும் மீண்டெழும் பயிர் தேவை. கரும்பு வந்தது. ஆனால் கரும்புக்கு ஓர் எல்லை உண்டு. ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்துக்கு மேல் குளிரில் அது பயன்தராது. எனவே கரும்பு, கடலோரத்தைச் சுற்றி ஒரு வளையமாகத் தீவை நிரப்பியது. நூற்றுக்கும் மேற்பட்ட ஆலைகள் அந்த வளையத்தில் புகைந்தன.

1848 டிசம்பர் 20-இல் ஆணையர் சர்தா கரிகா அடிமைகளுக்கு விடுதலை அறிவித்தார். விடுதலை பெற்றவர்கள் சுமார் 60,000 பேர், தீவின் மக்களில் பாதிக்கும் மேல். அவர்களில் பலர் மறுபடி கரும்பு வெட்ட விரும்பவில்லை. முதலாளிகள் இந்தியாவை நோக்கித் திரும்பினார்கள். 1828-இலேயே ஏனாமிலிருந்து ஒரு சிறு குழு ஒப்பந்தக் கூலிகளாக வந்திருந்தது. 1848-க்குப் பிறகு புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கப்பல் கப்பலாக ஆட்கள் போனார்கள். 1860-இல் பிரிட்டனும் பிரான்சும் உடன்படிக்கை செய்துகொண்டதும் பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்தும் ஆள் எடுக்க வழி பிறந்தது. ஐந்தாண்டு ஒப்பந்தம். மொத்தம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் தமிழர்கள். கூலிகள் நடத்தப்பட்ட விதத்தைக் கண்டு 1882-இல் பிரிட்டிஷ் அரசு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. கூலி மறுப்பு, நோய், அடி, திரும்பி வர வழி மறிப்பு ஆகியவை அந்த முடிவுக்குப் பின்னால் இருந்தன.

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. தமிழர்கள் கரும்புக்காகக் கொண்டுவரப்பட்டார்கள். கரும்பு கீழ்நிலத்தில் இருந்தது. ஆகவே தமிழர்களும் கீழ்நிலத்தில் நின்றார்கள். இன்று தீவில் எஞ்சியிருக்கும் சர்க்கரை ஆலைகள் இரண்டே: சேன் தாந்த்ரேயில் புவா ரூழ், சேன் லூயியில் லெ கோல். தீவின் பழைய தமிழ்க் கோயில்களில் ஒன்று லெ கோல் ஆலைக்கு அருகில்தான் இருக்கிறது. ஆலைகளை வரைபடத்தில் குறித்து, பழைய கோயில்களையும் அதே வரைபடத்தில் குறித்துப் பாருங்கள். புள்ளிகள் பெரும்பாலும் அக்கம்பக்கத்தில் விழும். அவை பக்தர்கள் தேடிக் கண்ட தலங்கள் அல்ல. வேலைக்கு நிறுத்தப்பட்ட இடத்திலேயே எழுப்பிய கோயில்கள். திரௌபதி அம்மனுக்கும் மாரியம்மனுக்கும் காளிக்கும் அங்கே வழிபாடு நடந்தது. முருங்கைக்கீரையும் மசாலாவும் அங்கிருந்து தீவின் எல்லா வீட்டு அடுப்படிக்கும் போயின.

மொழி ஏன் நிலைக்கவில்லை என்று நம்மவர்கள் வருத்தத்தோடு கேட்பதுண்டு. இதை அவர்களின் குறையாகப் பார்ப்பது தவறு. கீழ்நிலத் தோட்டத்தில் தமிழர் தனித்து வாழவில்லை. விடுதலை பெற்ற ஆப்பிரிக்க, மலகாசி மக்களோடு வரிசை வீடுகளில் கலந்து வாழ்ந்தார்கள். வந்தவர்களில் பெண்கள் குறைவு. கலப்பு மணங்கள் நடந்தன. ஞானஸ்நானம் வேலைக்கும் மதிப்புக்கும் வழி திறந்தது. பள்ளியில் பிரெஞ்சு, வெளியே கிரியோல் என்ற கலப்பு மொழி. இத்தனைக்கு நடுவிலும் தீமிதியின் முறை, காவடி, அம்மன் பெயர்கள் நின்றன என்பதே பெரிய செய்தி. பிரான்ஸ் தன் மக்களை இனவாரியாகக் கணக்கெடுப்பதில்லை. ஆகவே அங்கே தமிழர் இத்தனை விழுக்காடு என்று சொல்லப்படும் எண்கள் எல்லாம் மதிப்பீடுகளே.

கீழ்நிலத்தின் கிழக்குப் பக்கம் இன்னொரு பயிரையும் உலகுக்குக் கொடுத்தது. மெக்சிகோவிலிருந்து கொண்டுவந்த வனிலாக் கொடி இங்கே பூத்தது, காய்க்கவில்லை. மகரந்தம் சேர்க்கும் பூச்சி இல்லை. 1841-இல் சேந்த் சூஸானில் எட்மோன் அல்பியஸ் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன் ஒரு வழி கண்டான். மெல்லிய குச்சியால் பூவினுள் இருக்கும் தடுப்புத் தோலைத் தூக்கி, பெருவிரலால் ஆண் பகுதியைப் பெண் பகுதியோடு அழுத்தினான். சில நொடி வேலை. உலகம் முழுதும் வனிலா இன்றும் அப்படித்தான் காய்க்க வைக்கப்படுகிறது. விடுதலைக்குப் பின்னும் அல்பியஸ் வறுமையிலேயே வாழ்ந்து 1880-இல் இறந்தார். அவருடைய கண்டுபிடிப்பால் செல்வம் சேர்த்தவர்கள் வேறு.

இன்றைய மேலும் கீழும்

1946-இல் ரீயூனியன் காலனி என்ற நிலை மாறி பிரான்சின் மாவட்டமாயிற்று. சாலை, மருத்துவமனை, பள்ளி எல்லாம் வந்தன. கீழ்நிலத்துக்கு முதலில், மேல்நிலத்துக்குப் பிறகு. சிலாவோஸுக்கு 1932-இல்தான் வண்டிச் சாலை போயிற்று. அதற்கு முன் அங்குள்ள வெந்நீர் ஊற்றுக்கு வந்தவர்களை ஆட்கள் நாற்காலியில் வைத்துச் சுமந்தார்கள். மஃபாத்துக்கு இன்றுவரை சாலை இல்லை. நூற்றுக்கணக்கானோர் வாழும் அந்தப் பள்ளத்துக்கு நடந்துதான் போக வேண்டும். அரிசியும் எரிவாயு உருளையும் ஹெலிகாப்டரில் இறங்குகின்றன. ஒரு காலத்தில் ஒளிந்து வாழக் கிடைத்த இடம் இன்று உலகம் காண வரும் இடம்: 2007-இல் தேசியப் பூங்கா அமைந்தது, 2010-இல் தீவின் பரப்பில் ஏறத்தாழ 40 விழுக்காடு யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

நடுவே மலையும் பூங்காவும் இருப்பதால், ஏறத்தாழ ஒன்பது லட்சம் மக்களில் பெரும்பாலோர் கரையோரத்தின் ஒடுங்கிய பட்டையில் நெருங்கி வாழ்கிறார்கள். வீடு, சாலை, கரும்பு மூன்றும் அதே நிலத்துக்குப் போட்டியிடுகின்றன. 2025 பிப்ரவரி இறுதியில் கரான்ஸ் புயல் தாக்கியது போல, ஒவ்வொரு பெரும்புயலும் அந்தப் பட்டையைத்தான் முதலில் அடிக்கிறது. மேலே பெய்த மழையெல்லாம் சில மணி நேரத்தில் அங்கேதான் வந்து இறங்குகிறது.

புலம்பெயர்ந்த தமிழர் வரலாற்றை எழுதும்போது நாம் புறப்பட்ட துறைமுகத்தையும் ஏறிய கப்பலையும் தேடுகிறோம். நல்லதுதான். ஆனால் அவர்கள் இறங்கிய மண்ணையும் அதே அக்கறையோடு படிக்க வேண்டும். தலைநகர் சேன் தெனியின் ஆவணக் காப்பகத்தில் ஒப்பந்தக் கூலிகளின் பதிவேடுகள் இருக்கின்றன. தோட்டத்தின் பெயரைக் கொண்டு அது எந்தச் சரிவில், எவ்வளவு உயரத்தில், மழை பெய்யும் கிழக்கிலா வறண்ட மேற்கிலா என்று பார்த்தால், அந்த மனிதர் என்ன வேலை செய்தார், யாரோடு வாழ்ந்தார், எந்தக் கோயிலுக்குப் போனார் என்பது வரை ஊகிக்க முடியும். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் படிக்கும் மாணவர்கள் செய்யக்கூடிய வேலை இது. செய்தால், ரீயூனியன் தமிழர்களை நம் பெருமைக்கோ இரக்கத்துக்கோ உரிய சான்றாகப் பார்ப்பதை நிறுத்துவோம். மேலே ஓடிய அடிமைகளோடும், பட்டை நிலம் இழந்த வெள்ளையர்களோடும் ஒரே மலையைப் பங்கிட்டுக்கொண்டு ஒரு சமூகத்தை உருவாக்கியவர்கள் அவர்கள். அந்த மதிப்பே அவர்களுக்கு உரியது.